கைமாற்று

மூன்றாம் எண்ணை நிறுத்தலாம் என்று உத்தரவு வந்து
பத்து நாளாகிறது.
இன்று மதியம்தான் எனக்கு மனம் வந்தது.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் நாற்பத்து மூன்று டிகிரி.
டாட் ஆற்றில் வழக்கம்போல் மணல் ஓடுகிறது.
ஊரே ஏசிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

கெட்ட இயந்திரமில்லை அது.
ஆறு வருடமாக அதன் வேலை
எதற்கும் இருக்கட்டும் என்று சுற்றிக்கொண்டிருப்பது.
கால் பங்கு வேலை, அரைப் பங்கு எரிவாயு.
தண்டச்சோறு என்று ஒருநாள் தமிழில் திட்டினேன்.
மார்னி அர்த்தம் கேட்டாள்.
சோற்றைப் புரியவைத்தேன், தண்டத்தை முடியவில்லை.
"ஒருத்தர் சும்மா விழித்திருந்தால்தானே
மற்றவர்கள் தூங்கலாம்" என்றாள்.
அதற்கும் என்னிடம் பதிலில்லை.

இப்போது விழித்திருப்பவை
வேலிக்கு அப்பால் வெள்ளைப் பெட்டிகள்.
உள்ளே மின்கலங்கள். வெளியே
காப்பீட்டு அலுவலகத்தின் முகம்.
எழுபத்தொரு சதவீதம் நிறைந்திருந்தன.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு
மலைத்தொடரின் மேல் ஒரு மேகம்.
மழை இல்லாதது, நிழல் மட்டும் வைத்திருந்தது.
சூரியத் தகடுகளின் மேல் அது நடந்துபோன
தொண்ணூறு விநாடியில்
பதினோரு மெகாவாட்டைக் காணோம்.

திரையின் நடுவில் ஊரின் நாடி:
ஐம்பது.
நாற்பத்தொன்பது புள்ளி தொண்ணூற்று மூன்று.
எண்பத்தெட்டு.

என் விரல் மூன்றாம் எண்ணின் பொத்தான்மேல்.
அது எழுந்து சுமை தூக்க எட்டு நிமிடம்.
ஊர் இருண்டுபோக எட்டு விநாடி.
கணக்கு எனக்குத் தெரியும்,
விரலுக்குத் தெரியாது.

எண்பத்தேழு.
எண்பத்தேழு.
பிறகு, யாரோ தோள் கொடுத்ததுபோல்
தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்றெட்டு.

பத்திரம் எழுதாமல், சாட்சி வைக்காமல்
வெள்ளைப் பெட்டிகள் கொடுத்த கைமாற்று.
வட்டியே இல்லை என்று சொல்லமாட்டேன்.
நூறு வாங்கினால் நூற்றுப் பதினைந்தாவது திருப்பவேண்டும்,
அந்தப் பதினைந்து வெறும் சூடாகப் போகும்.
ஆனால் கேட்ட நொடியில்
யார் கொடுப்பார்கள் நமக்கு?

ஒன்றும் இரண்டும் ஒரே சீராகச் சுற்றின.
மேகம் வந்ததை யாரும் அவற்றிடம் சொல்லவில்லை.
வீட்டில் கடன் வாங்கியதைப்
பிள்ளைகளிடம் மறைப்பதுபோல்.
முன்பெல்லாம் ஒவ்வொரு மேகத்துக்கும்
பதறி ஏறும், பதறி இறங்கும்.
சூடும் குளிரும் மாறி மாறி
அலகுகளில் மயிரிழைக் கீறல்கள் விழும்.
அவற்றை எண்ணக் கருவி உண்டு.
என் நெற்றியில் வெறுங்கண்ணாலேயே எண்ணலாம்.

நாலு நிமிடம் கழித்துத்தான்
கட்டுப்பாட்டு நிரல் மெதுவாகக் கேட்டது:
ஒரு மெகாவாட் கூடுதலாகத் தரமுடியுமா?
அவசரமில்லை.

இந்த அறையில்
அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை.

மேகம் போன பின்னும்
விரலை எடுக்க வெகுநேரமானது.

ஏழு மணிக்கு மார்னி வந்தாள்.
பதிவேட்டில் மூன்றாம் எண்ணுக்கு எதிரே 'நிறுத்தம், 13:10'.
காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன்.
"பெட்டிகளில் முப்பத்தெட்டுதான் மிச்சம்.
ராத்திரி ஊர் தூங்கியதும்
ஒன்றையும் இரண்டையும் இறக்காதே,
நன்றாக எரியும் இடத்திலேயே நிற்கட்டும்.
மீந்ததெல்லாம் கடனுக்கு."
"நீ வாங்கியதை நான் அடைக்கணுமா?"
சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்தாள்.
"போன மாதத்து மூன்று மணிநேரமும் பாக்கி இருக்கிறது."
மகனுக்கு ஆஸ்துமா வந்த இரவு
எனக்குப் பதிலாக அவள் உட்கார்ந்த நேரம்.
வியாழக்கிழமை தருகிறேன் என்றேன்.

காருக்குப் போகும் வழியில்
காதில் ஏதோ குறைந்தது.
மூன்றாம் எண்ணின் உறையைத் தொட்டேன்,
இன்னும் சுட்டது.

ஆறு வருடத்தில் முதல்முறையாக
அதன் புகைபோக்கி விளிம்பில்
ரோஜா நிறக் கலா கிளி ஒன்று இறங்கியது.
ஒரு காலைத் தூக்கியது. மறுகாலைத் தூக்கியது.
திட்டிக்கொண்டே பறந்துவிட்டது.

நாளைக்கு வா.